நாலு விதையும் உன் பித் பிளாக்கும்

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு தங்கச்சி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்துச்சு, ரொம்ப நிம்மதியா இருந்துச்சு, சொட்டு மருந்து மட்டும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் விடாம போடச் சொல்லு, கண்ணு தெரிய ஆரம்பிச்சதும் அம்மா தோட்டத்துக்குள்ள இறங்கி நடக்க ஆரம்பிச்சிரும், நீ தான் பாத்துக்கணும். தென்னைக்கு வெள்ளை ஈ இன்னும் விடலைன்னு எழுதியிருந்த, அதோட வாடல் நோயும் சேந்துக்கிட்டா ஒரு மனுஷன் என்ன தான் பண்ணுவான், அத படிச்சிட்டு ராத்திரி சரியா தூக்கமே வரலைடா. காய் வரத்து குறைஞ்ச நேரத்துல களத்துல பித் வியாபாரமாவது, அதான் அந்த தேங்காய் நார்த்தூள், கைகொடுக்குதேன்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்ப நீ கேட்ட விஷயத்துக்கு வரேன். கனடால இருந்து ஒரு பையர் உன்கிட்ட "வாஷ்ட் அண்ட் பஃபர்டு" பிளாக் தான் வேணும், உப்பு எவ்வளவுன்னு காட்டுற இசி ரிப்போர்ட் வேணும்னு கேக்குறான், எதுக்குன்னு விசாரிச்சா கஞ்சா செடி வளக்குறவங்களுக்குன்னு சொல்றான், இது நமக்கு சரிப்படுமா, இவ்வளவு கண்டிஷன் எதுக்குன்னு கேட்டிருந்த. ஃபோன்ல ரெண்டு வார்த்தைல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீயும் அக்ரி படிச்சவன், மேலோட்டமா சொன்னா உனக்கு பத்தாது.

முதல்ல சட்டம். இங்க 2018 அக்டோபர் 17ல இருந்து கனடா முழுக்க இது லீகல். நாங்க இருக்குற ஒண்டாரியோ மாகாணத்துல 19 வயசு முடிஞ்சவங்க வாங்கலாம், வச்சுக்கலாம், வீட்டுலயே வளக்கலாம். ஆனா ஒரு வீட்டுக்கு நாலு செடி தான், ஆளுக்கு நாலு இல்ல, வீட்டுல அஞ்சு பேர் இருந்தாலும் மொத்தமே நாலு தான். விதையும் அங்கீகாரம் உள்ள கடைல தான் வாங்கணும். விளைஞ்சத விக்கக் கூடாது, நாட்டுக்கு வெளிய ஒரு விதை கூட கொண்டு போகக் கூடாது. வாடகை வீடுன்னா, காண்டோன்னா, அதாவது அடுக்குமாடி வீடுன்னா, ஓனரோ அசோசியேஷனோ வேண்டாம்னு சொல்லலாம். கியூபெக் மாகாணத்துல வீட்டுல வளக்கவே கூடாதுன்னு தனி சட்டம், அது செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே 2023ல சொல்லிருச்சு. நம்ம ஊர்ல 1985 என்.டி.பி.எஸ்.ங்கற போதைப்பொருள் தடுப்பு சட்டம், லைசன்ஸ் இல்லாம செடி வளத்தா 10 வருஷம் வரைக்கும் ஜெயில். அதனால நான் கீழ எழுதுறது எல்லாம் இங்க நடக்குறது, அங்க யாரும் கை வைக்கிற விஷயம் இல்ல, உன் களத்துல வேலை செய்யுற பசங்ககிட்ட இத வேடிக்கைக்கு கூட சொல்லாத. பித் வேற விஷயம். அது தக்காளிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் போற அதே பித் தான், அத நீ யாருக்கும் விக்கலாம்.

சரி, நான் இத எங்க பாத்தேன்? நாங்க பிராம்டன்ல இருக்குற தெருவுல பக்கத்து வீட்டுல ஒரு இத்தாலிக்காரம்மா இருக்காங்கன்னு சொல்லியிருக்கேன்ல, எழுபது வயசு தாண்டியாச்சு, வீட்டுக்காரர் தவறிட்டாரு. அவங்க தோட்டத்த நீ பாக்கணும்டா. குளிர்காலத்துல அத்திமரத்த வளைச்சு குழி வெட்டி மண்ணுக்குள்ள படுக்க வச்சு மேல பலகை போட்டு மூடி, ஏப்ரல்ல திரும்ப எடுத்து நிமிர்த்துவாங்க, இங்க இருக்குற பழைய இத்தாலிக்காரங்க நிறைய பேர் இப்படி தான் அத்திய காப்பாத்துறாங்க. தக்காளி விதை ஊர்ல இருந்து வந்தது, வருஷா வருஷம் அவங்களே எடுத்து வைக்கிறது. அந்தம்மாவுக்கு மூட்டு வலி. அவங்களுக்குன்னு ஒவ்வொரு வருஷமும் மூணு நாலு கஞ்சா செடி வைக்கிறாங்க, எல்லாம் சட்டப்படி தான். நான் அத தொடுறதில்ல, எனக்கு அதுல ஆசையும் இல்ல, வலிக்கு கேக்குதா இல்லையான்னு சொல்ல நான் டாக்டரும் இல்ல. ஆனா நான் விவசாயம் படிச்சவன்னு தெரிஞ்சதும் விதை முளைக்க வைக்க கூப்பிட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு கை நடுங்குது, அந்த சின்ன வெள்ளை வேர எடுத்து மண்ணுல வைக்க முடியல. அப்படி தான் மாப்ள இதுக்குள்ள வந்தேன்.

வந்து பாத்தா நம்ம நாற்றங்கால் கணக்கே இங்க எடுபடாது. நம்ம 98 குழி தட்டுல தக்காளி போட்டா பத்து குழி காலியா போனா கவலைப்பட மாட்டோம், பக்கத்துல இருந்து எடுத்து நட்டுக்கலாம். இங்க விதை ஒண்ணே பத்து டாலருக்கு மேல, பாக்கெட்டுல நாலோ அஞ்சோ தான் இருக்கும், சட்டமும் நாலு செடின்னு சொல்லிருச்சு. ஒரு விதைய கொன்னா அந்த வருஷத்து பயிர்ல கால்வாசி போச்சு. அதனால முளைக்கிற அந்த ஒரு வாரத்துக்கு மக்கள் அவ்ளோ கவனம் எடுத்துக்குறாங்க, அந்த கவனமே நிறைய விதைய கொல்லுதுங்கறது தான் நான் பாத்தது. தண்ணி ஊத்தி ஊத்தி, திறந்து திறந்து பாத்து, வேர தொட்டுத் தொட்டு. விதைக்குள்ள முதல் இலை வர்ற வரைக்கும் சாப்பாடு இருக்கு. வெளிய இருந்து அதுக்கு வேணும்ங்கறது ஈரம், சூடு, காத்து, அவ்ளோ தான். உரம் போட்டா கெடுதல்.

விதை எப்படி இருக்கும்னா கொத்தமல்லிய விட சின்னதா, பழுப்பு நிறத்துல மேல கருப்பு கோடு கோடா ஒரு கோலம் இருக்கும். ஈரக் கையால தேச்சா அந்த கோலம் உரிஞ்சு வந்துரும், அது மேல ஒட்டியிருக்குற மெல்லிசு தோல் தான், விதை கெட்டுப் போச்சுன்னு பயப்பட வேண்டியதில்ல. வெளிர் பச்சையா அழுத்துனா நொறுங்குறது எல்லாம் முத்தாத விதை. உள்ள எண்ணெய் சத்து அதிகம், முப்பது சதவீதம் பக்கம், அதனால நம்ம நிலக்கடலை மாதிரியே சூட்டுல வச்சா சீக்கிரம் முளைப்புத்திறன் போயிரும். அந்தம்மா மிச்ச விதைய சிலிக்கா ஜெல் போட்ட டப்பால ஃபிரிட்ஜ்ல வச்சிருக்காங்க. டப்பாவ வெளிய எடுத்த உடனே திறக்கக் கூடாது, ரூம் சூட்டுக்கு வந்த பின்னாடி தான் திறக்கணும், இல்லேன்னா காத்துல இருக்குற ஈரம் ஜில்லுன்னு இருக்குற விதை மேல வேர்த்துரும். இது நம்ம விதை குடோன்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், ஆனா இங்க வீட்டுல வளக்குறவங்க பல பேர் இத கவனிக்கிறதில்ல.

ஊற வைக்கிறதுல ஒரு சண்டையே நடக்குது. சில பேர் தண்ணில போட்டே ஆகணும்ங்கறாங்க, சில பேர் நேரா மண்ணுல போடுங்கறாங்க. ரெண்டுமே முளைக்கும். நான் சாயங்காலம் ஒரு டம்ளர் தண்ணில போட்டு, மறுநாள் காலைல எடுத்துருவேன், 12 மணி நேரம் 18 மணி நேரம் போதும், 24 மணி நேரத்த தாண்ட விடக் கூடாது. தண்ணிக்குள்ள ஆக்சிஜன் கம்மி, முளைக்க ஆரம்பிச்ச கரு மூச்சு முட்டி செத்துரும். மிதக்குற விதைய பதர்னு தூக்கிப் போடுறாங்க பாரு, அது நெல்லுக்கு சரி, இதுக்கு வேண்டாம், ஓட்டுக்குள்ள காத்து இருந்தா நல்ல விதையும் மிதக்கும், விரலால லேசா தட்டி விட்டா இறங்கிரும். இறங்காட்டியும் முளைக்க வச்சு பாத்துட்டு தான் முடிவு பண்ணணும்.

அப்புறம் டிஷ்யூ பேப்பர். நம்ம சீட் டெக்னாலஜி லேப்ல முளைப்புத்திறன் பாக்க பேப்பர்ல விதைய அடுக்கி சுருட்டி நிறுத்தி வச்சது ஞாபகம் இருக்கா, அதே தான், ரெண்டு தட்டுக்கு நடுவுல. பேப்பர நனைச்சு கையில எடுத்து பிழியணும், தூக்குனா ஒரு சொட்டு கூட விழக் கூடாது. இங்க தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. தண்ணி நின்னா விதை அழுகும். அந்தம்மா பேரன் போன வருஷம் பாசத்துல காலைல ஒரு ஸ்பூன் சாயங்காலம் ஒரு ஸ்பூன்னு தண்ணி விட்டு ரெண்டு விதைய கொழகொழன்னு ஆக்கிட்டான், பாவம் அவன் நல்லதுன்னு நினைச்சு தான் பண்ணான்.

சூடு தான் உனக்கு புரிய வைக்கிறது கஷ்டம், பொள்ளாச்சில உக்காந்துக்கிட்டு சூட்டுக்கு அலைய வேண்டிய அவசியமே வராது. இங்க ஏப்ரல்ல வெளிய இன்னும் ராத்திரி உறைபனி, வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டே 20 டிகிரி, பேஸ்மென்ட்ல அதுவும் இல்ல. இதுக்கு 22ல இருந்து 26 வேணும். அதனால ஹீட் மேட்னு ஒண்ணு விக்குறான், தட்டுக்கு அடில விரிக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாம வாங்குனா அது பாட்டுக்கு 30 தாண்டி போயிரும், விதை வெந்துரும். நான் தட்டுக்கு உள்ளயே ஒரு சின்ன தெர்மாமீட்டர் வச்சுருவேன், மேட் மேல எழுதியிருக்குறத நம்ப மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு தடவ மூடிய தூக்கி காத்து மாத்துறது, பேப்பர் காஞ்சிருந்தா ஸ்பிரே, அதோட சரி. நல்ல விதை ஒரு நாள் ரெண்டு நாள்லயே ஓட்ட பிளக்கும், பழைய விதை ஒரு வாரம் கூட எடுத்துக்கும்.

இந்த இடத்த கொஞ்சம் விரிவா சொல்றேன் மாப்ள, எனக்கே பாக்க பாக்க அலுக்காத காட்சி. ஓடு ஓரத்துல கோடு மாதிரி பிளக்கும், கூர் முனைல இருந்து முளைவேர் வெள்ளை வெளேர்னு எட்டிப் பாக்கும், சில மணி நேரத்துல வளைஞ்சு கீழ திரும்பும். அரை சென்டிமீட்டர் ஆனதும் வேர் மேல பஞ்சு மாதிரி வெள்ளையா நெருக்கமா ஏதோ படரும், அத பூஞ்சைன்னு நினைச்சு அந்தம்மா கழுவப் போனாங்க, நான் தான் கைய புடிச்சு நிறுத்துனேன், அது வேர்த்தூவி. பூஞ்சை கண்ட இடத்துல திட்டு திட்டா ஓட்டு மேலயும் பேப்பர் மேலயும் வரும், வேர்த்தூவி வேர சுத்தி ஒழுங்கா ஒரே சீரா இருக்கும், நுனிய மட்டும் விட்டுட்டு. ஒரு லென்ஸ் வச்சு பாத்தா சந்தேகமே வராது. அந்த நுனி தான் உயிர். அது ஒடிஞ்சா ஆணிவேர் நின்னுரும், செடி சாகாது, பக்க வேர் விட்டு பொழைச்சுக்கும், ஆனா பின்தங்கிரும். அதனால அரை சென்டிமீட்டர்ல இருந்து ஒரு சென்டிமீட்டருக்குள்ள இருக்குறப்பவே எடுத்து நட்டுறணும், இன்னும் வளரட்டும்னு விட்டா வேர் பேப்பருக்குள்ள நுழைஞ்சு பின்னிக்கும், பிரிக்கும் போது அறுந்துரும். எடுக்கும் போது ஓட்ட தான் புடிக்கணும், வேர புடிக்கவே கூடாது.

இப்ப உன் பித் வருது. நடுற குழி ஒரு சென்டிமீட்டர் ஆழம், வேர் கீழ பாத்து. எந்த பக்கம் கீழன்னு தெரியலன்னா படுக்க வச்சா போதும், வேருக்கு புவியீர்ப்பு தெரியும், அதுவே திரும்பிக்கும். மேல லேசா தூவணும், அமுக்கக் கூடாது. ரொம்ப மேல வச்சா ஓடு கழண்டு விழாம தொப்பி மாதிரி விதையிலை மேலயே மாட்டிக்கிட்டு வெளிய வரும், மண்ணு வழியா முட்டி வரும் போது தான் அந்த உரசல்ல ஓடு கழலும். அப்படி மாட்டுனா ஒரு சொட்டு தண்ணி வச்சு ஊற விட்டு அப்புறம் ட்வீசரால மெதுவா விலக்கணும், பிச்சு எடுத்தா விதையிலையும் சேந்து போயிரும்.

நேத்து வரைக்கும் பேப்பர்ல இருந்த வேர் முதல் தடவையா ஒரு மண்ணத் தொடுது, அந்த மண்ணு உன் பித்தா இருந்தா அதுல உப்பு இருக்கக் கூடாது. உனக்கு தெரியாதது இல்ல, ஆனா பையர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறான்னு புரியும்னு சொல்றேன். இசி 0.5க்கு கீழ வேணும்னு கேட்டா அது இந்த ஒரு சென்டிமீட்டர் வேருக்காக தான். வளந்த செடி தாங்கிக்கும், இது தாங்காது, நுனி பழுப்பாயி நின்னுரும். கடலோரத்து பித்த விட நம்ம பக்கம் பித்துல உப்பு குறைச்சல் தான், இருந்தாலும் களத்து போர் தண்ணி உப்பா இருந்தா கழுவியும் பிரயோஜனம் இல்ல, அத முதல்ல டெஸ்ட் பண்ணு. பஃபர் பண்றது வேற வேலை. பித்து இயற்கையாவே பொட்டாசியத்தையும் சோடியத்தையும் புடிச்சு வச்சிருக்கும். வெறும் தண்ணில கழுவுனா கரைஞ்சு கிடக்குற உப்பு தான் போகும், புடிச்சு வச்சிருக்குறது போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசல்ல ஊற வச்சா கால்சியம் உள்ள போயி உக்காந்து அதுங்கள வெளிய தள்ளும், அப்புறம் நல்ல தண்ணில ஒரு தடவ கழுவி காய வைக்கணும். இத பண்ணாம அனுப்புனா செடிக்கு குடுக்குற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பித்தே புடிச்சுக்கும், இலைல பழுப்பு புள்ளி வரும், வளக்குறவன் உன் பிளாக்க தான் திட்டுவான், அதுல நியாயமும் இருக்கு.

நட்ட பின்னாடி நாற்றழுகல் தான் பயம். பித்தியம், ரைசக்டோனியா, அந்த நோய்க்கிருமிங்க பேரு எல்லாம் உனக்கு தெரியும், மண்ண ஒட்டி தண்டு நூலா இளைச்சு ஒரே ராத்திரில சாஞ்சிரும். நம்ம ஊர்ல கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடிங்கற நன்மை செய்யுற பூஞ்சைய கலந்து தான் விதைப்போம், இங்கயும் டிரைக்கோடெர்மா கலந்த மண் கலவை கிடைக்குது. ஆனா அத விட முக்கியம் மேல் மண்ணு காயுறதும் சின்ன ஃபேன் ஒண்ணு ஓடுறதும். வெளிச்சம் முளைச்ச அன்னைக்கே வேணும், ஜன்னலோரம் ஏப்ரல்ல பத்தாது, தண்டு வெளிச்சம் தேடி நூலாட்டம் நீண்டுரும், அதனால எல்.இ.டி. லைட் ஒரு நாளைக்கு 18 மணி நேரம். முதல்ல வர்ற ரெண்டும் வழவழன்னு உருண்டையா விதையிலை, அதுக்கு அப்புறம் வர்ற ஜோடில தான் ரம்பம் மாதிரி ஓரம் தெரியும், அதுவும் ஒத்தை இலையா தான், அஞ்சு விரல் ஏழு விரல் எல்லாம் பின்னாடி தான்.

இன்னொண்ணு, பப்பாளி மாதிரி இதுலயும் ஆண் செடி பெண் செடி தனித்தனி. இவங்களுக்கு பூ வேணும்ங்கறதால பெண் செடி தான் வேணும். அதுக்குன்னே ஃபெமினைஸ்டு விதைன்னு விக்குறான், பெண் செடில வெள்ளி கலந்த கரைசல அடிச்சு மகரந்தம் வர வச்சு அந்த மகரந்தத்துலயே எடுத்த விதை. நாலே செடிக்கு அனுமதி இருக்குற வீட்டுல ரெண்டு ஆணா போனா என்ன மிச்சம் சொல்லு. ஆட்டோஃபிளவர்னு இன்னொரு ரகம், பகல் நீளத்த பாக்காம வயசான உடனே பூத்துரும், அத சின்ன கப்ல முளைக்க வச்சு மாத்தி நடுறது சரிப்படாது, வேர் அதிர்ச்சில இருந்து தேர்றதுக்குள்ள பூக்குற நேரம் வந்துரும், நேரா கடைசி தொட்டிலயே வைக்கணும். அந்தம்மா வைக்கிறது பகல் பாத்து பூக்குற பழைய வகை தான், வெயில் காலம் முழுக்க வளந்து ஆகஸ்ட்ல பூ வைக்கும். வெளிய வைக்கிறது மே மாசம் விக்டோரியா டே லீவு முடிஞ்சு, அதுக்கு முன்னாடி எதையும் வெளிய நடக் கூடாதுன்னு இந்த ஊரு தோட்டக்காரங்க கணக்கு, தக்காளிக்கும் அதே நாள் தான். ஒரு வாரம் பகல்ல வெளிய வச்சு ராத்திரி உள்ள எடுத்து பழக்கிட்டு நடுவாங்க.

நம்ம ஊர்ல இந்த பேர கேட்டாலே முகம் சுளிக்கிறாங்க, அது எனக்கு புரியுது, பள்ளிக்கூட வாசல்ல பொட்டலம் விக்கிறவனால எத்தன குடும்பம் அழுதிருக்கு, நம்ம தெருவுலயே பாத்தோம். இங்கயும் எல்லாம் நல்லா போகுதுன்னு சொல்ல மாட்டேன். என் பொண்ணுக்கு பதினேழு வயசு, அவ கிட்ட நேராவே உக்காந்து பேசிட்டேன், மூளை வளர்ற வயசுல இது கூடாதுன்னு. அந்தம்மாவும் செடி இருக்குற பக்கத்து கேட்ட பூட்டி தான் வச்சிருப்பாங்க, எங்க வீட்டு பிள்ளைங்கள நினைச்சு. ஆனா செடிய செடியா பாக்குறதுல தப்பில்லன்னு நான் நம்புறேன். உத்தராகண்ட்ல இதோட விதைய வறுத்து அரைச்சு தலைமுறை தலைமுறையா சட்னி பண்றாங்க, 2021ல நம்ம உணவு பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யும் ஹெம்ப்னு சொல்ற இந்த செடியோட விதைய உணவா சேத்துருச்சு, விதைல போதை கிடையாதுல்ல. நார் எடுக்குற ரகத்துக்கு அங்க அரசாங்கமே லைசன்ஸ் குடுக்குது. படிச்ச காலத்துல இந்த பயிர பத்தி நம்மகிட்ட யாரும் ஒரு பீரியடு கூட பேசலைங்கறது எனக்கு இப்பவும் வருத்தம் தான், நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லி குடுத்திருக்கலாம்.

ஆக பையருக்கு சரின்னு சொல்லு. ஆனா முதல் கன்டெய்னர அவசரப்பட்டு ஏத்தாத. போர் தண்ணி டெஸ்ட், ஒவ்வொரு லாட்டுக்கும் இசி, பி.எச். ரெண்டும், எந்த தேதில கழுவுனது எந்த தேதில பஃபர் பண்ணதுன்னு ஒரு நோட்டு, இத தங்கச்சிய போடச் சொல்லு, அது உன்ன விட ஒழுங்கா எழுதும். காய வைக்கிற களத்துல களை விதை விழாம பாத்துக்க, பிளாக்குல புல்லு முளைச்சா இங்க உள்ளவன் ரிட்டர்ன் அனுப்பிருவான். சாம்பிளா 5 கிலோ பிளாக் ரெண்டு எனக்கும் அனுப்பு, கொரியர் காசு நான் தரேன், அடுத்த சீசனுக்கு அந்தம்மாவோட தக்காளிலயும் இதுலயும் போட்டு பாத்து இங்க கிடைக்குற பித்தோட ஒப்பிட்டு வேர் எப்படி வருதுன்னு ஃபோட்டோ எடுத்து அனுப்புறேன், பையர்கிட்ட காட்டவும் உதவும்.

வெள்ளை ஈக்கு விளக்கெண்ணெய் தடவுன மஞ்சள் அட்டை கட்டுனியா, வெள்ளை ஈய அழிக்கிற ஒட்டுண்ணி விட்ட தோப்புல மருந்து அடிக்காம இருக்கியா, இத ரெண்டையும் மறக்காம எழுது. டிசம்பர்ல வரலாம்னு டிக்கெட் பாத்துட்டு இருக்கேன், லீவு சாங்ஷன் ஆனதும் சொல்றேன். அம்மாவ கேட்டதா சொல்லு.

உன்
மாப்ள